திருமணச் சாட்சிக்கு என்ன வயது?



தாத்தாவின் தாத்தா யார், எந்த ஆண்டில் பிறந்தார் என்று குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இப்போது பங்கு அலுவலகங்களுக்கு நிறைய வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பழைய திருமணப் பதிவேட்டில் சாட்சியாக ஒரு பெயரைக் கண்டதும் பலர் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: 'சாட்சி என்றால் 21 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும், திருமணம் 1850-இல், அப்படியானால் இவர் 1829-க்குப் பிறகு பிறந்திருக்க முடியாது.' கோவில் பதிவேட்டைப் பொறுத்தவரை இந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை. காரணம் தெரிய நாம் 1563-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் திரெந்து பொதுச்சங்கத்தின் 24-ஆம் அமர்வு 'தாமெத்சி' என்னும் ஆணையை வெளியிட்டது. அதற்கு முன்பு, ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் சம்மதம் சொல்லிவிட்டாலே திருமணம் செல்லுபடியாகும். குருவும் சாட்சியும் இல்லாமல் அப்படிச் செய்வதைத் திருஅவை கண்டித்தது; செல்லாது என்று மட்டும் சொல்லவில்லை. அதன் விளைவை அனுபவித்தவர்கள் பெண்களே. இரகசியமாக ஒருத்திக்கு வாக்குக் கொடுத்து வாழ்ந்தவன், அவளைக் கைவிட்டு, ஊரறிய வேறொருத்தியை மணப்பான். முதல் மனைவி வந்து முறையிட்டால், 'பார்த்தது யார்?' என்று கேட்டுவிட்டுப் போவான். இந்தக் கொடுமையை அந்த ஆணையே எடுத்துச் சொல்கிறது. அதற்குக் கண்ட மருந்துதான் பங்குத்தந்தையும், இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும். அடுத்தடுத்த மூன்று திருநாள்களில் ஓலை வாசிக்க வேண்டும். மணமக்கள், சாட்சிகள் பெயர்களையும் நாளையும் இடத்தையும் பங்குத்தந்தை ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றும் சங்கம் கட்டளையிட்டது.

சாட்சியின் வயதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நாம் நினைக்கவில்லை. இன்ன வயது வேண்டும் என்று விதித்திருந்தால், ஒரு சாட்சிக்குச் சில மாதம் குறைந்தது பின்னாளில் தெரியவந்தாலே அந்தத் திருமணம் ஆட்டம் கண்டுவிடும். யாரைக் காக்க ஆணை வந்ததோ அந்தப் பெண்தான் மறுபடியும் தெருவில் நிற்பாள். ஆகவே நடந்ததைக் கண்டு, புரிந்து, கேட்டால் சொல்லக்கூடியவர் யாராயினும் போதும் என்றே திருஅவைச் சட்ட வல்லுநர்கள் விளக்கம் தந்தார்கள். ஆணோ பெண்ணோ, உறவினரோ அயலாரோ, திருமுழுக்குப் பெறாதவரோ கூட சாட்சியாகலாம்.

இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு மன்சோனி எழுதிய இத்தாலிய நாவலான 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' ஒரு வேடிக்கையான சான்று. திருமணம் நடத்தப் பயந்து ஒதுங்கும் பங்குத்தந்தையின் முன் மணமக்கள் திடீரென வந்து நின்று சம்மதத்தைச் சொல்லிவிடப் பார்க்கிறார்கள். கூட்டி வரும் இரண்டு சாட்சிகளில் ஒருவன் அறிவு மந்தமானவன். கதைதான், ஆனால் அக்காலச் சட்டப்படி அப்படிப்பட்ட திருமணம் செல்லும். 1907-இல் வெளியான 'நே தேமெரே' ஆணைதான், குரு வற்புறுத்தலின்றித் தாமே சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும் என்று சொல்லி இந்த வழியை அடைத்தது.

இன்றுள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் நிலைமை அதுவே. ஞானப்பெற்றோருக்கு 16 வயது நிரம்ப வேண்டும் என்கிறது 874-ஆம் சட்டம். திருஅவை நீதிமன்றத்தில் 14 வயதுக்குட்பட்டோரைச் சாட்சியாக ஏற்பதில்லை என்கிறது 1550-ஆம் சட்டம். திருமணச் சாட்சிகள் இருவர் வேண்டும் என்று சொல்லும் 1108-ஆம் சட்டமோ வயதைச் சொல்லவில்லை. நடைமுறையில் நாங்கள் வயது வந்தவர்களையே கேட்கிறோம். அது முன்யோசனையே தவிர, செல்லுபடியாவதற்கான நிபந்தனை அல்ல.

அப்படியானால் இந்த 21 எங்கிருந்து வந்தது? அரசாங்கச் சட்டங்களில் தேட வேண்டும். 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியல் சட்டம் சாட்சிகள் 21 வயது நிரம்பிய ஆண்களாக இருக்க வேண்டும் என்றது. அவர்களின் வயதையும் தொழிலையும் எழுதச் சொன்னது. அந்நாட்டு அரசுப் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு மேற்சொன்ன கணக்கு ஓரளவு உதவும். இங்கிலாந்தில் 1754 முதல் நடப்புக்கு வந்த சட்டம் நம்பத்தகுந்த சாட்சிகள் இருவர் என்று மட்டுமே கேட்டது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் அதே நடையில்தான் பேசுகிறது. கத்தோலிக்கத் திருமணங்களைப் பதியும் முறையை ஆயரிடமே விட்டுவிடுகிறது. ஸ்காட்லாந்து 16 என்றும் அயர்லாந்து 18 என்றும் சொல்வதெல்லாம் அண்மைக் காலச் சட்டங்கள்.

ஆகவே ஒரு பையனின் பெயர் சாட்சியாக வருவதில் வியப்பில்லை. 1850-இல் சாட்சியாக நின்ற அந்தோணியின் திருமுழுக்கு 1835-இல் பதிவாகியிருந்தால், '15 வயதுப் பையன் எப்படிச் சாட்சியாவான்?' என்று சிலர் அவனைத் தள்ளிவிட்டு, வயதுக்குப் பொருந்துகிற இன்னொரு வீட்டு அந்தோணியைத் தங்கள் மரபில் சேர்த்துக்கொள்வார்கள். அதோடு ஒரு குடும்பமே மாறிப்போகும். மணப்பெண்ணின் தம்பியாக இருந்திருக்கக்கூடிய அந்தப் பையன் காணாமல் போவான். மறுபக்கம், பல திருமணங்களில் ஒரே பெயர் சாட்சியாக வந்தால் உடனே உறவு கொண்டாடவும் கூடாது. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் கோவில் எழுத்தரே பல திருமணங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அங்கே 1754 முதல் 1837 வரை கத்தோலிக்கரின் திருமணம் சட்டப்படி செல்ல வேண்டுமானால் ஆங்கிலிக்கன் கோவிலிலும் நடந்தாக வேண்டும். அதனால் ஒரே தம்பதிக்கு இரண்டு பதிவுகளும், இரண்டிலும் வேறு வேறு சாட்சிகளும் இருக்கலாம்.

வயதைக் கொண்டு சாட்சியை எடைபோடுவதில் விவிலியமும் அவசரப்படுவதில்லை. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிற இணைச்சட்டம் 19-ஆம் அதிகாரம் வயதைக் குறிப்பிடவில்லை. தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் சூசன்னாவுக்கு எதிராகப் பொய் சொன்ன இருவரும் முதியவர்கள், மக்களுக்கு நடுவர்கள். அவர்களைத் தனித்தனியே விசாரித்து அவளைக் காப்பாற்றியவர் இளைஞரான தானியேல்.

சாட்சியின் பெயர் நமக்கு உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான்: அந்த நாளில் அவர் உயிரோடு இருந்தார், அந்தக் கோவிலில் நின்றார். வயது வேண்டுமானால் திருமுழுக்குப் பதிவேட்டுக்குப் போங்கள். 'நே தேமெரே' 1908-இல் நடப்புக்கு வந்த பிறகு, ஒருவர் மணமுடித்தால் அவரது திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலும் அதைக் குறிக்க வேண்டும். அந்தச் சாட்சியே பின்னாளில் மணமகனாகவோ மணமகளாகவோ நின்றிருந்தால், அந்த ஓரக்குறிப்பு எந்தத் திருமுழுக்கு அவருடையது என்று காட்டிவிடும். பங்கு அலுவலகத்தில் கேட்கும்போது நகல் மட்டும் போதும் என்று சொல்லாமல், ஓரக்குறிப்பையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள்.