கன்னரதேவனும் கொங்குதேச ராஜாக்களும்: 'வரலாறு' என்ற சொல்லின் பொருள் குறித்து

'கொங்குதேச ராஜாக்கள்' என்னும் தமிழ் உரைநடை நூலைக் கல்வெட்டறிஞர் ஜே. எஃப். ஃபிளீட் ஒதுக்கித் தள்ளியதை ஆய்வாளர் அறிவர். போலிச் செப்பேடுகளை நம்பி எழுதப்பட்ட நூல், ஆகவே சான்றாக எடுத்துக்கொள்ளத் தகாது என்பது அவர் தீர்ப்பு. அவரோடு மல்லுக்கு நின்ற லூயி ரைஸ், கங்கர் வமிசாவளியைக் கட்டியெழுப்ப இதே நூலைத் துணைக்கு அழைத்தார். பட்டியல் மெய்யா பொய்யா என்பதே இருவரின் வழக்கு. எழுதியவன் எந்த வகைப் பதிவு என்று நினைத்து இதை எழுதினான் என்று இருவருமே கேட்கவில்லை.

ஃபிளீட் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கங்க அரசன் அரிவர்மனுடைய தஞ்சாவூர்ச் செப்பேட்டில் சகம் 169 (கி.பி. 247) என்று இருக்கிறது, அதன் எழுத்தோ பல நூற்றாண்டுகள் பிந்தியது. இத்தகைய ஏடுகளில் உள்ள அரசர் வரிசையும் நூலில் உள்ள வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் ஃபிளீட் இதிலிருந்து பெற்ற முடிவு அளவுக்கு மீறியது. ஆண்டு பொய்யானால் நூல் முழுவதும் பொய் என்றார். கங்கரின் பெனுகொண்டாச் செப்பேடு மெய்யானதே என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆதிக் கங்கர் வரிசையே கட்டுக்கதை என்ற வாதம் அத்தோடு தளர்ந்துவிட்டது. நூலைப் பற்றிய தீர்ப்பு மட்டும் இன்றுவரை அடிக்குறிப்புகளில் உயிர்வாழ்கிறது.

நான் நின்று பார்க்க விரும்பும் இடம் கங்கருக்கு முன்னால் வரும் பகுதி. கந்தபுரத்திலிருந்து ஆண்டதாக இரட்ட குலத்து அரசர் எழுவரை நூல் சொல்கிறது. வீரராயன், கோவிந்தராயன், கிருஷ்ணராயன், காளவல்லபன், மீண்டும் ஒரு கோவிந்தராயன், சதுர்ப்புஜ கன்னரதேவன், திருவிக்கிரமதேவன். கோவிந்தன், கிருஷ்ணன், வல்லபன் ஆகியவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான இராட்டிரகூடர் பெயர்கள் என்பது பார்த்தவுடன் தெரியும். நூல் இவர்களைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்கும் அதற்கு முன்னும் கொண்டுபோய் வைக்கிறது. இது பிழைதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது கிருஷ்ணராயனும் கன்னரதேவனும் தனித்தனி அரசர்களாக நிற்பது. கிருஷ்ணன் என்பதன் பேச்சு வடிவே கன்னரன். வடமொழிச் செப்பேடுகளில் கிருஷ்ணன். தக்கோலப் போருக்குப் (949) பின் தொண்டைமண்டலக் கோயில் சுவர்களில் வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளில் அதே மூன்றாம் கிருஷ்ணன் கன்னரதேவன். கற்பனையாகப் பெயர் சூட்டுகிறவன் ஒரே பெயரை இரண்டு வடிவத்தில் தேடிப் போயிருக்க மாட்டான். செப்பேட்டில் ஒன்றும் கல்லில் ஒன்றுமாக இந்நூலை எழுதியவன் முன்னால் இரண்டு மூலங்கள் இருந்தன. இரண்டும் ஒருவரே என்று தெரியாததால் இரண்டையும் பதிந்துவிட்டான். கன்னட சாசனங்களிலும் கன்னரன் என்ற வடிவம் உண்டு என்பதால் அந்தக் கல் தமிழ்க்கல்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அவன் சாசனம் படித்தவன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிற்காலத்து இரட்டர்கள், அதாவது இராட்டிரகூடர், நூலில் கங்கருக்கு முன்னால் போனது எப்படி? சான்று மெலிந்த இடம் இது, இருந்தும் சொல்கிறேன். கங்கர் இராட்டிரகூடருக்கு அடங்கி ஆண்டவர்கள். தக்கோலத்தில் கிருஷ்ணன் பக்கம் நின்று போரிட்டவன் கங்கன் பூதுகன். மேலிருந்து உரிமை கொடுத்தவனை முதலில் எழுதி, பெற்றவனைப் பின்னால் எழுதுவது காணிப் பட்டயம் எழுதுகிறவன் கைப்பழக்கம். இந்த நூலும் ஒவ்வொரு அரசனுக்கும் அவன் விட்ட தானத்தையும் சக ஆண்டையும் சொல்லிக்கொண்டே போகிறது. நிலம் யார் கை வழியாக வந்தது என்பதே அதன் முறை.

'வரலாறு' என்ற சொல்லின் பழைய பொருளும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. வரல், ஆறு: வந்த வழி. யாப்பருங்கல விருத்தியுரைகாரர் இலக்கணம் சொன்னபின் எடுத்துக்காட்டுச் செய்யுளைத் தரும்போது 'வரலாறு' என்றே தலைப்பிடுகிறார். விதி வழக்கில் வந்தவாறு என்பதே அங்குப் பொருள். நடந்தது இதுதான் என்று நிறுவும் துறைக்குப் பெயராக அவர் அதைக் கையாளவில்லை. 'சரித்திரம்' ஒழுக்கத்தையும் நடத்தையையும் சுட்டிய வடசொல். கைப்பிரதிகள் திரட்டிய கர்னல் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகக் கேட்டு வாங்கியவை கைபீதுகள், அதாவது நிலைமை விவரங்கள். கிரேக்கத்தில் 'ஹிஸ்டோரியா' விசாரணையைக் குறித்தது என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஆட்கள் செய்த வேலைக்கே அது கூடுதலாகப் பொருந்தும்.

நூல் எப்போது எழுதப்பட்டது என்பது இன்னும் முடிவாகவில்லை. விசயநகர காலம்வரை நீள்வதால் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதோடு நிற்கலாம். ஆனால் ஓர் இடத்தில் அது ஃபிளீட்டைத் தோற்கடிக்கிறது. ஆதித்த சோழன் கொங்குக்கு வந்து கங்கரின் தலைக்காட்டைப் பிடித்ததைச் சகம் 816 (கி.பி. 894) அளவில் வைக்கிறது. ஆதித்தன் கொங்கிலிருந்து பொன் கொணர்ந்து தில்லையில் வேய்ந்ததை நம்பியாண்டார் நம்பி பாடியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தே நீலகண்ட சாஸ்திரி இச்செய்தியை ஏற்றார்.

'வரலாறு' என்ற சொல்லின் இன்றைய பொருள் நிலைபெற்றதில் கோவை வட்டாரத்துக்கும் பங்குண்டு. கோவைக்கிழார் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் 1950இல் 'கொங்குதேச ராஜாக்கள்' நூலைப் பதிப்பித்தார். 1954இல் தம் சொந்த நூலுக்குக் 'கொங்கு நாட்டு வரலாறு' என்று பெயரிட்டார். இராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930இல் நிறுவிய அவினாசிலிங்கமே பின்னர் தமிழ் வளர்ச்சிக் கழகம் கண்டார்; அங்கு ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மையாசிரியரானார். பள்ளியில் சரித்திரம் படித்த தலைமுறை, பிள்ளைகளை வரலாறு படிக்க அனுப்பியது இந்தக் காலத்தில்தான்.

நூலில் வரும் ஒவ்வொரு தானத்தையும் கொங்கிலும் கங்கவாடியிலும் கிடைத்துள்ள சாசனங்களோடு ஒப்பிட்டு ஒரு செம்பதிப்பு வரவேண்டும். கன்னடமும் வடமொழியும் தெரிந்த கொங்கு ஆய்வாளர் எவரேனும் இதைக் கையிலெடுத்தால், கன்னரதேவன் பகுதியிலிருந்து தொடங்கட்டும்.