கஜானாவின் சாவி – 9: சனிக்கிழமை இரவுக்குள்

மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிபோனது 1969 ஜூலை 16, புதன்கிழமை. துணைப் பிரதமராகத் தொடருங்கள் என்று இந்திரா காந்தி சொல்லிப் பார்த்தார். துறை போன பின் பதவி எதற்கென்று மொரார்ஜி விலகிக்கொண்டார். நிதித்துறையைப் பிரதமர் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். வங்கிகளை நாட்டுடைமையாக்கவிடாமல் மறிக்க இனி ஆளில்லை. குறுக்கே நின்றது நாள்காட்டிதான்.

நாடாளுமன்றம் கூடவிருந்தது 21-ஆம் தேதி, திங்கட்கிழமை. அவைகள் கூடிவிட்டால் அவசரச் சட்டம் போட முடியாது. மசோதாவாகக் கொண்டுபோய் விவாதித்துத்தான் நிறைவேற்ற வேண்டும். அதுவரை வங்கி முதலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்களா?

முந்தைய நாளிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. மே 3 அன்று ஜாகிர் உசேன் காலமானதிலிருந்து குடியரசுத் தலைவர் பொறுப்பைக் கவனித்து வந்தவர் வி.வி. கிரி. தேர்தலில் சுயேச்சையாக நிற்பதற்காக அவர் 20-ஆம் தேதி விலகுகிறார். அடுத்து அந்த நாற்காலியில் அமரப்போகிறவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா. ஒரு நீதிபதியிடம் இந்தக் காகிதத்தை நீட்டினால் எத்தனை கேள்விகள் கிளம்புமோ! ஆக, கையெழுத்து கிரியுடையதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவுக்குள் விழுந்தாக வேண்டும்.

வங்கிகள்மேல் புகார் இல்லாமலில்லை. 1951-இல் வங்கிக் கடனில் சுமார் 34 சதவீதம் தொழில்துறைக்குப் போனது. 1968-இல் அது 68 சதவீதமாகிவிட்டது. விவசாயத்துக்குக் கிடைத்ததோ 2 சதவீத அளவுதான். நாட்டின் பெரும்பகுதி மக்கள் வயலை நம்பியிருந்த காலம் அது. கிணறு வெட்டவும் பம்புசெட் வாங்கவும் பணம் வேண்டுமென்றால் வட்டிக்காரர் வீட்டுத் திண்ணைதான் கதி. பெரிய வங்கிகள் பலவற்றின் பின்னால் பெரிய தொழில் குடும்பங்கள் இருந்தன. யூகோ வங்கியைத் தொடங்கியவரே ஜி.டி. பிர்லாதான். ஊரார் போட்ட பணம் வேண்டியவர்களின் ஆலைக்குப் போகிறது என்ற பேச்சு நாடாளுமன்றத்தில் அடிக்கடி எழுந்தது.

இதற்கு மொரார்ஜி ஒரு வழி வைத்திருந்தார். வங்கி முதலாளிகளிடமே இருக்கட்டும், யாருக்குக் கடன் என்பதை அரசு கவனிக்கும் என்பது அவரது ‘சமூகக் கட்டுப்பாடு’. அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தே ஆறு மாதம் ஆகவில்லை. மருந்து கொடுத்த கையோடு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்த கதைதான் இது.

ஏன் இந்தப் பதற்றம்? சென்ற வாரம் பெங்களூரில் பார்த்தோமே, அதுதான். ஜூலை 12 அன்று காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு, பிரதமரின் விருப்பத்தை மீறி சஞ்சீவ ரெட்டியைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்கியது. கட்சியின் மூத்தவர்கள் தம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்று இந்திரா முடிவுகட்டினார். காரணம் வயலில் இருந்தது. அவசரம் கட்சிக்குள் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 1969-ஐப் புரிந்துகொள்ள முடியாது.

17-ஆம் தேதி இரவு வெகுநேரம் கழித்து, நிதி அமைச்சகத்தில் வங்கிப் பிரிவைப் பார்த்துவந்த துணைச் செயலர் டி.என். கோஷுக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் பிரதமரின் செயலர் பி.என். ஹக்சர். அதே நாட்களில் பொருளாதார விவகாரச் செயலர் ஐ.ஜி. பட்டேலும் பிரதமர் அறைக்குள் நுழைந்தார். வேறு யாரும் இல்லை. வங்கித்துறை உங்களிடம்தானே என்று கேட்டார் இந்திரா. ஆமென்றதும் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அரசியல் காரணங்களுக்காக வங்கிகளை நாட்டுடைமையாக்க முடிவாகிவிட்டது; சட்ட வரைவு, அமைச்சரவைக் குறிப்பு, வானொலி உரை மூன்றும் 24 மணி நேரத்தில் தயாராக வேண்டும்; செய்தி வெளியே கசியக் கூடாது. செய்யலாமா, வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. முடியுமா என்று மட்டும் கேட்டார்.

பட்டேல் ஒப்புக்கொண்டார், கூடவே யோசனையும் சொன்னார். வெளிநாட்டு வங்கிகளைத் தொட வேண்டாம், சின்ன வங்கிகளையும் விட்டுவிடலாம் என்றார். எல்லைக்கோடு 50 கோடி ரூபாய் வைப்புத்தொகை என்று முடிவானது. கோட்டுக்கு மேலே நின்றவை 14.

அந்தப் பட்டியலில் சென்னையின் இரண்டு பெயர்களும் இருந்தன. 1906-இல் அர்பத்நாட் நிறுவனம் திவாலாகி ஊரையே கலங்கடித்தபோது, நம் பணத்துக்கு நம் வங்கி வேண்டுமென்று மறுவருடம் பிறந்தது இந்தியன் வங்கி. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் தொடங்கியது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. கடல் கடந்த தமிழரின் சேமிப்பில் வளர்ந்த இந்த இரண்டுக்கும் டெல்லியின் முடிவு மலேசியாவரை போய் வலித்தது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இயங்க அந்நாட்டுச் சட்டம் இடம்தரவில்லை. 1973-இல் அங்கிருந்த கிளைகளை யூகோவின் கிளைகளோடு சேர்த்து யுனைடெட் ஏசியன் வங்கி என்று தனியே பிரித்துவிட வேண்டியதாயிற்று.

ஜூலை 19, சனிக்கிழமை. மாலையில் அமைச்சரவை கூடி ஒப்புதல் தந்தது. கிரி கையெழுத்திட்டார். இரவு 8.30 மணிக்கு இந்திராவின் குரல் வானொலியில் ஒலித்தது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்த 14 வங்கிகளின் தலைவர்கள், தங்கள் வங்கி தங்களுடையது இல்லை என்பதை ஊரோடு சேர்ந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் அவசரத்தில் எழுதிய சட்டத்தில் ஒரு இடம் நோஞ்சானாக இருந்தது. கிளை, கட்டடம், கடன் பேரேடு, ஊழியர் என்று வங்கியின் தொழில் முழுவதும் அரசுக்கு. பழைய கம்பெனிக்கு மிஞ்சியது பெயரும் இழப்பீடும்தான். அந்த இழப்பீட்டுக்கு என்ன கணக்கு? பல ஆண்டுகளில் சேர்த்த நற்பெயருக்கு விலை உண்டா?

இதைக் கவனித்தவர்களில் ஒருவர் பம்பாய்க்காரர் ருஸ்தம் கவாஸ்ஜி கூப்பர். சென்ட்ரல் வங்கியின் இயக்குநர், நான்கு வங்கிகளில் பங்குதாரர், ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காரர். அவர் சார்பில் கறுப்பு அங்கி மாட்டியவர் நானி பல்கிவாலா. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அதற்குள் அவசரச் சட்டத்தின் இடத்தில் நாடாளுமன்றம் முழுச் சட்டமே இயற்றிவிட்டது. ஆகஸ்ட் 9 அன்று அதற்கு ஒப்புதல் தந்து கையெழுத்திட்டவர், குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருந்த ஹிதாயதுல்லா. மாதம் முடிவதற்குள் அவர் தலைமை நீதிபதி நாற்காலிக்குத் திரும்பினார். மேசைமேல் கூப்பரின் மனு காத்திருந்தது. தாம் கையெழுத்திட்ட சட்டத்தைத் தாமே விசாரிப்பதா? ஒதுங்கிக்கொண்டால் அந்த இடத்தில் அமர்வது யார், எத்தனை பேர்?

(தொடரும்)