ராஜாஜி கேட்ட சுதந்திரம்

அந்நாளில் விடுதி வராந்தாவில் ராஜாஜி பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி, நான் எதிர்க்கட்சி.

1952-ல் சென்னை ராஜ்ய முதல்வராக உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். 1959-ல் எண்பது வயதில் சுதந்திராக் கட்சி கண்டு, ‘பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்’ எனச் சாடினார். மனிதனை நெறிப்படுத்த தர்மமும் தெய்வபக்தியும் வேணும், அதிகாரியின் முத்திரை வேண்டாம் என்பது அவர் கணக்கு. 1967-ல் மக்களவையில் 44 இடம் கிடைத்தது.

ஆனால் 1953-ல் கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றவரும் அவரே. ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு கிளம்ப, 1954-ல் பதவி விலகினார். காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

1991-ல் தொழில் லைசென்ஸ் முறை பெரும்பாலும் ஒழிந்தபோது, அதில் நான் அவர் பக்கம் சாய்ந்துட்டேன். வியாபாரிக்கு விருப்பப்படி தொழில் நடத்த உரிமை உண்டென்றால், சலவைத் தொழிலாளி மகனுக்கு விருப்பப்படி தொழில் தேட உரிமை வேண்டாமா? இதில் மட்டும் இன்னும் எதிர்க்கட்சிதான், தம்பி தங்கைகளே!