சிற்றுண்டியில் விடுபடும் காய்: தமிழக அன்றாட உணவில் காய்கனிப் பற்றாக்குறை

முன்னுரை

நாளொன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதில் உருளைக்கிழங்கு முதலான மாவுச்சத்துக் கிழங்குகள் சேரா. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. 2000 கலோரி உணவில் கீரையும் காய்கறியும் சேர்ந்து 400 கிராம், பழம் 100 கிராம் என்பது அவற்றின் கணக்கு. தானியத்துக்கு ஒதுக்கியிருப்பது 250 கிராம் மட்டுமே. தானியத்தைவிடக் காய் எடையில் மிகுந்திருக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

தமிழகச் சாப்பாட்டில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கூட்டு, பொரியல், அவியல், மசியல், பச்சடி என்று காயைச் சமைக்க இத்தனை வகை வைத்திருக்கும் சமூகத்துக்குக் காயின் அருமை தெரியாது என்பது பொருந்தாத விளக்கம். குறை, நாளின் மூன்று வேளைகள் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. காய்க்கு இடமுள்ள வேளை மதியம் ஒன்றுதான். காலையும் இரவும் உண்ணும் சிற்றுண்டியில் அதற்கு இடமில்லை. அந்த இரு வேளைகளைத் திருத்தாமல் பற்றாக்குறை தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மதியச் சமையலின் கணக்கு

நால்வர் உள்ள நடுத்தர வீடொன்றின் மதியச் சமையலை எடுத்துக்கொள்வோம். பொரியலுக்குக் கால் கிலோ பீன்ஸ். சாம்பாருக்கு இரண்டு முருங்கைக்காய், இரண்டு கத்தரிக்காய், ஒரு கை சின்ன வெங்காயம். ரசத்துக்கும் சாம்பாருக்குமாக மூன்று நான்கு தக்காளி. எல்லாம் சேர்ந்தால் 700 கிராம் அளவில் வரும். முருங்கைச் சக்கையையும் பீன்ஸ் நாரையும் கழித்துவிட்டால் ஆளுக்கு 150 கிராமைத் தாண்டுவது அரிது. காய் சமைத்த நாளின் நிலை இது. குழம்பும் அப்பளமுமாக முடியும் நாளிலும், உருளைக்கிழங்கு வறுவலோடு முடியும் நாளிலும் அளவு இன்னும் சரியும்.

மதியத்தில் மட்டும் காயைக் கூட்டி 400 கிராமை எட்டிவிடலாமா? நால்வருக்கு ஒரே வேளையில் 1.6 கிலோ காய் சமைத்தாக வேண்டும். சோற்றின் அளவு குறையாதவரை அவ்வளவு காய்க்கு இலையிலும் இடமில்லை, வயிற்றிலும் இடமில்லை. சோறு குறைய வேண்டும் என்பது உண்மைதான். சென்னை நகர்ப்புற–கிராமப்புற நோய்ப்பரவல் ஆய்வு, பெரியவர்களின் அன்றாட ஆற்றலில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து, வருவதைக் காட்டியது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்த சோற்றின் அளவு ஓர் ஆணையால் மாறிவிடாது. மதியத்துக்கு 200 கிராம், காலைக்கும் இரவுக்கும் தலா 100 கிராம் என்று பங்கிடுவதே நடக்கக்கூடியது.

சிற்றுண்டி எவ்வாறு வெற்றிடமானது

இட்லியும் தோசையும் பல கிராமத்து வீடுகளில் ஒருகாலத்தில் நாள் கிழமைக்கு உரியவை. காலையில் பழையதும் சின்ன வெங்காயமும் இருந்தன. கோயம்புத்தூரின் தொழிலாக வளர்ந்த மின் மாவரைப்பான், ஆட்டுக்கல்லின் உழைப்பை நீக்கி, அவற்றை அன்றாட உணவாக்கியது. குளிர்பதனப் பெட்டியும் கடை மாவும் இரவு வேளையையும் தோசைக்கே கொடுத்துவிட்டன. பெண்களின் உழைப்பைக் குறைத்த மாற்றம் இது, வரவேற்கத்தக்கது. ஆனால் அரிசி மாவுக்கு இணையாக அமைந்தவை தேங்காய்ச் சட்னியும் இட்லிப் பொடியும். இரண்டும் காய்கறிக் கணக்கில் சேரா.

இதற்கு மாற்று நம் சமையலிலேயே இருக்கிறது. சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சு இட்லிக்கும் பொங்கலுக்கும் ஏற்றது. அரைக் கிலோ கத்தரிக்காயில் நால்வரின் ஒரு வேளைப் பங்கு நிறைவாகிவிடும். பீர்க்கங்காயின் தோலைக்கூட வீணாக்காத துவையல், முருங்கைக்கீரை சேர்த்த அடை, தக்காளி வெங்காயச் சட்னி, காய் மிகுந்த ரவா கிச்சடி ஆகியவை எல்லாரும் அறிந்தவை. புதிய உணவு எதையும் கற்க வேண்டியதில்லை. எப்போதாவது செய்வதை அன்றாடமாக்கினால் போதும்.

விலையும் உழைப்பும்

ஏழைக் குடும்பத்தால் இவ்வளவு காய்கனி வாங்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. பல நாடுகளில் நடந்த பியூர் ஆய்வு 2016இல் தந்த விடை கவலையளிப்பது. நாளுக்கு இருமுறை பழமும் மும்முறை காயும் ஒருவர் உண்ண, வருவாய் குறைந்த நாடுகளில் குடும்ப வருமானத்தில் 52 விழுக்காடு செலவாகும். இந்தியா அந்த வரிசையில்தான் வைக்கப்பட்டிருந்தது. அதே ஆய்வின் 2017ஆம் ஆண்டு முடிவு, நாளுக்கு 375 முதல் 500 கிராம் வரை காய்கனியும் பருப்பு வகைகளும் உண்போரிடையே இறப்பு விகிதம் குறைந்திருப்பதைக் கண்டது. பயன் மிதமான அளவிலேயே கிடைத்துவிடுகிறது. எட்டாத இலக்கு அன்று.

எனினும் விலை மட்டுமே தடை என்று கொள்வதற்கில்லை. 2022–23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரக் குடும்பச் செலவில் காய்கறிக்கு 3.80 விழுக்காடும் பழத்துக்கு 3.81 விழுக்காடும் போகின்றன. பானங்களுக்கும் பதப்படுத்திய, சமைத்து விற்கும் உணவுக்கும் 10.64 விழுக்காடு போகிறது. இந்தப் பணத்தில் ஒரு பங்கு காய்க்குத் திரும்பாததற்கு நேரமின்மை பெரிய காரணம். வாழைப்பூ ஒன்றை ஆய்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். மடல் மடலாக உரித்து, ஒவ்வொரு பூவிலும் நரம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் களைந்து, நறுக்கி மோரில் போடுவதற்குள் அரைப்பொழுது கழிந்துவிடும். கீரை ஆய்வதும் அப்படியே. இந்த வேலை பெண்களின் தலையிலேயே விழுகிறது. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டனர். ஆண்கள் அரிவாள்மனையின் முன் உட்காராமல் இலையில் காய் கூடாது.

பொதுச் சமையற்கூடங்கள்

வீட்டால் இயலாததை அரசு ஈடுசெய்த வரலாறு தமிழகத்துக்கு உண்டு. காமராசர் காலத்து மதிய உணவும் 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பசியைத் தணித்தன. நியாயவிலைக் கடை அரிசியை உறுதிசெய்தது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, உழவரையும் வாங்குவோரையும் நேரே சந்திக்க வைத்தது. 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறிச் சாம்பாரையும் குழந்தைகளுக்குத் தருகிறது. சிற்றுண்டியில் காய்க்கு இடம் உண்டு என்பதைப் பொதுக் கொள்கையாகவே ஏற்ற ஏற்பாடு இது. இதன் முக்கியத்துவம் போதிய அளவு பேசப்படவில்லை.

ஆனால் அளவு கூட வேண்டும். மத்திய அரசின் பள்ளி மதிய உணவு விதி, தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியத்துக்கு 50 கிராம் காயையே கோருகிறது. இந்த விகிதத்தில் வளரும் குழந்தை, காயைச் சிறு துணையாகவே கருதப் பழகும்.

சத்து காக்கும் முறை

அளவோடு முறையும் சேர வேண்டும். வைட்டமின் சி நீரில் கரைவது, சூட்டில் அழிவது. காயை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அதோடு போய்விடும். நறுக்கும் முன்பே கழுவிவிட வேண்டும். கீரையின் கரோட்டின் உடலில் சேரச் சிறிது எண்ணெய் தேவை. தாளிப்பு அதைத் தருகிறது. கீரையின் இரும்புச்சத்து உட்கிரகிக்கப்பட எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா துணை செய்யும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீரும் காபியும் தடுக்கும். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அதன் காரணங்கள் பல. இச்சிறு பழக்கங்கள் அவற்றுள் ஒன்றையாவது நேர்செய்யும்.

முடிவுரை

காய்கனிப் பற்றாக்குறையைத் தனிமனித அக்கறையின்மையாகக் காண்பது தவறான நோய்நாடல். அறிவுரை, "காய் அதிகம் சாப்பிடுங்கள்" என்ற பொதுவாக்கியத்தை விட்டு, காலைக்கும் இரவுக்கும் தலா 100 கிராம் என்று வேளையைச் சுட்டிப் பேச வேண்டும். பள்ளிச் சமையலில் காயின் எடை தானியத்தின் எடையை எட்ட வேண்டும். கீரை ஆய்ந்து, காய் நறுக்கித் தரும் பணியை மகளிர் குழுக்களுக்கு உரிய கூலியோடு உழவர் சந்தைகளில் ஏற்படுத்தலாம். அரிசியை எல்லா வீட்டுக்கும் கொண்டுசேர்த்த மாநிலத்துக்கு இவை கைக்கு எட்டும் பணிகளே.