ஸ்வீட் கார்ன்: வீட்டுக்கு ஒரு ரகம், சந்தைக்கு ஒரு ரகம்

எங்க ஊர்ப் பக்கம் மக்காச்சோளம் ஏக்கர் கணக்குல போடுறோம். அதுல பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குத்தான் போகுது. நீங்க டவுன்ல கப்புல வாங்கி, வெண்ணெயும் மிளகுப்பொடியும் போட்டுச் சாப்பிடுறது ஸ்வீட் கார்ன். "ரெண்டும் ஒரே பயிர்தானே, அது மட்டும் எப்படி இனிக்குது?"ன்னு டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணுங்க.

மக்காச்சோளம் பிறந்தது மெக்சிகோவுல, சுமார் 9,000 வருஷத்துக்கு முன்னால. எந்த மக்காச்சோளமா இருந்தாலும் பால் பிடிக்கிற பருவத்துல கொஞ்சம் இனிக்கும். மணி முத்த முத்த அந்தச் சர்க்கரை மாவாயிடும். சில செடியில மட்டும் ஒரு மரபணு மாறிப்போய், சர்க்கரை முழுசா மாவாகாம நின்னுடும். காய்ஞ்சா அந்த மணி சுருங்கி, கண்ணாடி மாதிரித் தெரியும். இதைக் குறைன்னு ஒதுக்காம, தனியா எடுத்து வச்சுக் காப்பாத்தினது அமெரிக்காவோட பூர்வகுடி விவசாயிகள்தான்.

வெள்ளைக்காரங்க கைக்கு அது வந்த விதம் நல்ல கதை இல்லை. 1779ல், அமெரிக்க சுதந்திரப் போர் நடக்குறப்ப, ஜார்ஜ் வாஷிங்டன் உத்தரவுப்படி ஜெனரல் சல்லிவன் படை இராக்குவா மக்களோட ஊர்களுக்குள்ள புகுந்தது. 40க்கு மேல ஊர்களையும், விளைஞ்சு நின்ன சோளக் காடுகளையும் எரிச்சாங்க. அந்தப் படையில போன ஆளுங்கதான் இனிப்புச் சோள விதையை ஊருக்குக் கொண்டு வந்தாங்கன்னு சொல்றாங்க. காட்டை எரிச்சவங்க விதையை மட்டும் பத்திரமா எடுத்துட்டுப் போயிருக்காங்க பாருங்க.

அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அங்க வெள்ளை மணி ஸ்வீட் கார்னுக்குத்தான் மதிப்பு. மஞ்சள்னா மாட்டுக்குப் போடுறதுன்னு நினைப்பு. மாசசூசெட்ஸ் மாகாணம் கிரீன்ஃபீல்டுல வில்லியம் சேம்பர்ஸ்னு ஒருத்தர், சீக்கிரம் விளையுற ஒரு மஞ்சள் ரகத்தைத் தன் தோட்டத்துல வளர்த்துட்டு வந்தார். அவர் காலத்துக்கு அப்புறம் அந்த விதை பர்பி விதைக் கம்பெனிக்குப் போச்சு. 1902ல் 'கோல்டன் பேண்டம்'ங்கிற பேர்ல விற்பனைக்கு வந்தது. பேண்டம்னா குட்டை ஜாதிக் கோழி. செடியும் குட்டை, கதிரும் சின்னது, ருசி மட்டும் பெரிசு. சாப்பிட்டுப் பார்த்த சனங்க வெள்ளையை விட்டுட்டு மஞ்சளுக்கு மாறிட்டாங்க. இன்னைக்கும் அந்த விதை கிடைக்குது.

ஆனா பழைய ரகத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. கதிரை ஒடிச்ச நிமிஷத்துல இருந்து சர்க்கரை மாவாக ஆரம்பிச்சிடும். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரே நாள்ல பாதி இனிப்பு போயிடும். வீட்டுக்குப் பின்னால விளைஞ்சா கவலையில்லை. தண்ணி கொதிக்க வச்சிட்டுப் போய்க் கதிரை ஒடிச்சுக்கலாம். லாரி ஏறி மார்க்கெட் போய், கடையில ரெண்டு நாள் கிடக்கணும்னா ஆகாது.

அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது இல்லினாய் பல்கலைக்கழகத்துல இருந்த ஜான் லாஃப்னன். மரபணு ஆராய்ச்சிக்காக வச்சிருந்த, சப்பையாச் சுருங்கிப்போன சில மணிகள் ரொம்ப இனிக்கிறதை அவர் கவனிச்சார். 1953ல் அதைப் பத்தி எழுதினார். அந்த மணியில பழைய ஸ்வீட் கார்னை விடப் பல மடங்கு சர்க்கரை. ஒடிச்ச பிறகும் நாள் கணக்கா இனிப்பு நிக்கும். இன்னைக்கு நீங்க கடையில வாங்குறது பெரும்பாலும் அந்த வழியில வந்த வீரிய ஒட்டு ரகங்கள்தான்.

இதுல லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. வீரிய ஒட்டு போட்டா கதிரெல்லாம் ஒரே அளவு, ஒரே சமயத்துல அறுப்பு. வியாபாரி கேக்குறதும் அதைத்தான். ஆனா அதுல விதை எடுத்து மறுபடி போட்டா செடிக்குச் செடி ஒரு மாதிரி வரும். அதனால ஒவ்வொரு போகத்துக்கும் விதைப் பை காசு குடுத்துத்தான் வாங்கணும். சப்பை விதையில மாவு கம்மி, முளைப்பு வலுவும் கம்மி. ஆழமா ஊனாம, மண்ணு சூடா, ஈரமா இருக்குறப்பப் போடணும்.

நான் அரை ஏக்கர் சந்தைக்குன்னு வீரிய ஒட்டு போடுறேன். வீட்டுக்கு, விதை எடுத்து வைக்கிற ரகம் ஒரு துண்டு நிலத்துல. நம்ம நாட்டுலயே ஹைதராபாத்துல உருவாக்கின மாதுரி, பிரியா மாதிரி காம்போசிட் ரகங்கள் இருக்கு. அதுல விதை எடுக்கலாம். ஆனா அஞ்சாறு கதிர்ல மட்டும் எடுத்தா சில தலைமுறையில செடி நோஞ்சானாயிடும். நூறு செடிக்குக் குறையாம இருந்து எடுக்கணும். பக்கத்துக் காட்டுத் தீவனச் சோளத்து மகரந்தம் காத்துல வந்து விழுந்தா இனிப்பும் கெடும், விதையும் கலந்துடும். அதனால ரெண்டும் ஒரே சமயத்துல பூக்காத மாதிரி, குறைஞ்சது 15 நாளாவது தள்ளி விதைக்கணும்.

மாடியிலயோ வீட்டுப் பின்னாலயோ போடுறவங்க ஒரே நீள வரிசையாப் போடாதீங்க. நாலு குட்டை வரிசையா, சதுரமா நடுங்க. ஒவ்வொரு பட்டு நூல்லயும் மகரந்தம் விழுந்தாத்தான் ஒரு மணி பிடிக்கும். இல்லேன்னா கதிர் பொக்கையாயிடும். நூல் வெளிய வந்து 20 நாள் கழிச்சு மணியை நகத்தால கீறிப் பாருங்க. பால் வந்தா ஒடிக்கலாம், தண்ணியா வந்தா ரெண்டு நாள் பொறுங்க.

ரகம் எதுன்னு கேட்டா, கதிர் காட்டுல இருந்து அடுப்புக்குப் போக எத்தனை நேரம் ஆகும்னு திருப்பிக் கேப்பேன். பத்து நிமிஷம்னா விதை எடுக்குற ரகம் போடுங்க. ரெண்டு நாள்னா வீரிய ஒட்டுதான்.