பைங்குடில் விளைவு

பைங்குடில் விளைவு (பசுமை இல்ல விளைவு) என்பது, கதிரவனால் சூடேறிய புவிப்பரப்பு வெளியிடும் வெப்பத்தின் பெரும்பகுதியை வளிமண்டலத்திலுள்ள சில வளிமங்கள் உறிஞ்சிக் கீழ்நோக்கியும் உமிழ்வதால் புவி கூடுதலாக வெப்பமடைவதாகும். இவ்விளைவு இல்லையெனில் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்கு மாறாகச் சுழியத்துக்குக் கீழ் 18 பாகையாக இருக்கும்.

செயற்பாடு

சூரிய ஒளியில் ஏறத்தாழ 30 விழுக்காடு முகில், பனி முதலியவற்றால் விண்வெளிக்கே திருப்பப்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி காற்றை ஊடுருவி நிலத்தையும் கடலையும் சூடாக்குகிறது. சூடேறிய நிலமோ கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிடும். காற்றில் மிகுதியாக உள்ள நைட்ரசனும் ஆக்சிசனும் இக்கதிர்களைத் தடுப்பதில்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்றவையே உறிஞ்சுகின்றன. கண்ணாடிக் குடில் முதன்மையாகச் சூடான காற்று வெளியேறாமல் தடுத்தே வெம்மையைக் காப்பதால், இப்பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று.

கடம்பத்தூர் போன்ற உள்நிலப் பகுதிகளில் மார்கழித் தெளிவான இரவில் தரை விரைந்து குளிர்ந்து பனி இறங்குவதும், முகில் மூடிய இரவில் புழுக்கம் நீடிப்பதும் நீராவி, முகில் ஆகியவற்றின் பங்கை உணர்த்துவன.

பிற வளிமங்கள்

வீரபத்திரன் ராமநாதன், செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிலில் பணியாற்றியவர். குளிர்பதனத்தில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்களும் பைங்குடில் வளிமங்களே என 1975இல் அவர் காட்டினார். இவற்றின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூற்றைப் போல் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தை ஈர்க்கக்கூடியது.

நிலக்கரியும் திருவள்ளூர் மாவட்டமும்

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, 2024இல் 420ஐக் கடந்திருந்தது. நிலக்கரி எரிப்பு இதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இம்மாவட்டத்தின் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியால் இயங்குபவை. இவற்றின் சாம்பல் கொசத்தலையாற்றுக் கழிமுகத்தை அண்டியே படிகிறது. கார்பன் டை ஆக்சைடோ உலகெங்கும் கலந்து, அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பரவலான பிழை.