மோனிகாவும் நம் அனுதாபமும்

போன மாதம் ஒரு நண்பரின் அறையில், சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில், ஐந்து பேர் சேர்ந்து இங்மர் பெர்க்மனின் 'மோனிகாவுடன் ஒரு கோடை' பார்த்தோம். 1953-ல் வெளியான ஸ்வீடிஷ் படம். முடிந்து விளக்கைப் போட்டதும் எங்களில் ஒருவர், நல்ல கவிஞர், சொன்னார்: "எல்லாம் சரி. பெற்ற குழந்தையைப் போட்டுவிட்டுப் போகிறவள்மேல் எனக்கு அனுதாபம் வராது." இன்னொருவர், "அவளே குழந்தைதானே ஐயா" என்றார். தெருமுனை டீக்கடை அடைக்கும்வரை இந்தச் சண்டை நீண்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் எதிர்க்கட்சி ஆடினாலும் ஒன்றில் உடன்பட்டிருந்தார்கள் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அனுதாபம் என்பது நம் மடியில் முடிந்து வைத்திருக்கும் காசு, ஆளின் தகுதி பார்த்து அவிழ்க்க வேண்டியது என்று இருவருமே நினைத்தார்கள். இந்த நினைப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. இந்த ஒரு பெண்ணை வைத்தே அதில் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதை. ஸ்டாக்ஹோமின் தொழிலாளர் பகுதி. மோனிகாவுக்குப் பதினேழு பதினெட்டு வயது. காய்கறிக் கடையில் வேலை. கூட வேலை செய்யும் ஆண்கள் போகிறபோக்கில் அவளைச் சீண்டிவிட்டுப் போகிறார்கள். வீட்டில் இடமில்லை, சின்னப் பிள்ளைகளின் இரைச்சல், குடித்துவிட்டு வரும் அப்பா. ஹாரிக்குக் கொஞ்சம் கூடுதல் வயது. கண்ணாடி, பீங்கான் சாமான் விற்கும் கடையில் எடுபிடி. தாய் இல்லை, தந்தை நோயாளி. ஓர் ஓட்டலில் அவள் அவனிடம் தீக்குச்சி கேட்கிறாள். அவன் அப்பாவின் மோட்டார்ப் படகை எடுத்துக்கொண்டு இருவரும் தீவுகளுக்கு ஓடிவிடுகிறார்கள். கோடை முழுக்க அங்கே. உணவு தீர்கிறது, அவள் கர்ப்பமாகிறாள், ஊர் திரும்புகிறார்கள், கல்யாணம், குழந்தை. ஹாரி சம்பாதிக்கிறான், இன்ஜினியராக வேண்டுமென்று படிக்கவும் செய்கிறான். மோனிகா வாடகைப் பணத்தில் உடை வாங்குகிறாள். அவன் வேலையாக வெளியூர் போயிருக்கையில் பழைய சிநேகிதனோடு இருக்கிறாள். திரும்பி வந்தவன் அவளை அடிக்கிறான். அவள் போய்விடுகிறாள். குழந்தை அவனிடம் தங்குகிறது.

அவளுடைய குற்றங்களை மறைக்கிற வேலையைப் படம் செய்யவில்லை. இரவில் குழந்தை அழுகிறது. எழுந்து போகிறவன் ஹாரி. அவள் சோம்பேறி, பொய் சொல்கிறாள், சலித்துக்கொள்கிறாள், அவன் படிப்பைக் கேலி செய்கிறாள். தீவில் ஒரு பணக்காரர் வீட்டில் திருடப் போய்ப் பிடிபட்டு, அவர்கள் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்காரவைக்கப்படுகிறாள். சமயம் பார்த்து மேஜைமேல் இருந்த வாட்டிய இறைச்சியை அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். புதருக்குள் உட்கார்ந்து அதைப் பல்லால் பிய்த்துத் தின்கிறாள். ஹாரியட் ஆண்டர்சன் அந்த இடத்தில் நடிக்கிறார் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பசியில் இரக்கம் கோரும் பாவனை ஒரு துளியும் கிடையாது. நம் கண்ணீரை எதிர்பார்த்து எந்தப் பாத்திரமும் அப்படி மெல்லாது.

ஆரம்பத்தில் வரும் இன்னொரு காட்சியை யாரும் அதிகம் பேசுவதில்லை. இருவரும் சினிமாவுக்குப் போகிறார்கள். திரையில் காதல் படம். மோனிகா உருகி அழுகிறாள். ஹாரிக்குக் கொட்டாவி வருகிறது. ஆக, அனுதாபம் நிறைய உள்ள ரசிகை அவள்தான். அவள் அழுவது யாருக்காக? நல்ல உடுப்பும் நல்ல ஒளியும் உள்ள, களங்கமில்லாத ஒரு கதாநாயகிக்காக. தன்னைப் போன்ற ஒருத்தியைத் திரையில் காட்டியிருந்தால் அவளே அழுதிருப்பாளா என்பது சந்தேகம். பெர்க்மன் இதை ஒரு கிண்டலாகத்தான் வைத்திருப்பார் என்று படுகிறது. ஆனால் படத்தின் முழுப் பிரச்னையும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் இருக்கிறது.

இந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1951-ல், அதே ஸ்வீடனில் ஆர்ணே மட்ஸன் இயக்கி 'அவள் ஒரு கோடைக்காலம் ஆடினாள்' வந்தது. அதிலும் கோடை, அதிலும் பதினேழு வயதுப் பெண், ஊர் ஒப்பாத காதல். படிக்கும் பையன் கிராமத்துக்கு வருகிறான்; கெர்ஸ்டின் அவனை நேசிக்கிறாள்; மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோகிறாள். பாதிரியார் பழி சொல்லுகிறார். நாம் பாதிரியாரை வெறுக்கிறோம், பெண்ணுக்காக அழுகிறோம். 1952-ல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி கிடைத்தது. உலகமெங்கும் ஓடிற்று. மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே கணக்கு சுத்தமாக இருக்கிறது. பெண் செத்துவிட்டாள், ஆகவே அவள் செய்தது எதுவானாலும் தள்ளுபடி. ராபர்ட் ப்ரெஸோனின் 'முஷெத்'தில்கூட (1967) பள்ளித் தோழிகள்மேல் சேற்றை வாரி அடிக்கிற அந்த முரட்டுச் சிறுமி கடைசியில் சரிவில் உருண்டு நீருக்குள் போய்விடுகிறாள். ப்ரெஸோன் நம் கண்ணீரைத் தேடி அலைகிறவர் அல்ல. இருந்தும் மரணம் வந்தவுடன் அந்தச் சேற்றை நாம் மறந்துவிடுகிறோம்.

மோனிகா சாகவில்லை. திருந்தவுமில்லை. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டாள். தகராறு இங்கேதான் தொடங்குகிறது.

முதல் தீர்ப்பு அமெரிக்காவில் எழுதப்பட்டது. 1955-ல் க்ரோகர் பாப் என்ற வியாபாரி படத்தை வாங்கினார். பாலியல் சுகாதாரம் என்ற பெயரில் 'அம்மாவும் அப்பாவும்' என்றொரு படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பணம் பண்ணியவர் அவர். தொண்ணூற்றேழு நிமிடப் படத்தை அறுபத்திரண்டு நிமிடமாக வெட்டினார். லெஸ் பாக்ஸ்டரின் இசையை ஒட்டினார். 'மோனிகா, ஒரு கெட்ட பெண்ணின் கதை' என்று பெயர் வைத்தார். கொட்டகைக்குள் நுழையும் முன்பே தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது. கெட்டவள் என்று முதலிலேயே முத்திரை குத்திவிட்டால் அவளை வெறித்துப் பார்க்க உரிமை வந்துவிடுகிறது. பழிப்பதும் ரசிப்பதும் ஒரே டிக்கட்டில். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, மேலே போகலாம்.

அதைவிடச் சிக்கலானது பாரிஸ் கொடுத்த தீர்ப்பு. 1958-ல் அங்கே பெர்க்மன் படங்கள் தொகுப்பாகக் காட்டப்பட்டபோது, இன்னும் முழுநீளப் படம் எதுவும் எடுத்திராத கோதார், மோனிகாவைப் பற்றி 'ஆர்' வார இதழில் எழுதினார். அவரைப் பிடித்துக்கொண்டது ஒரு ஷாட். படத்தின் பின்பகுதி; கணவன் ஊரில் இல்லை. மோனிகா ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறாள். ஜூக்பாக்ஸ் பாடுகிறது. எதிரே இருக்கிறவனிடம் நெருப்பு வாங்கிச் சிகரெட்டைப் பற்றவைக்கிறாள் (ஹாரியிடம் தீக்குச்சி கேட்டது ஞாபகம் வரும்). பிறகு முகத்தைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறாள். காமிரா நெருங்குகிறது, பின்னால் உள்ள வெளிச்சம் மெல்லச் செத்து முகம் மட்டும் மிஞ்சுகிறது. ஏறக்குறைய அரை நிமிடம். நடிப்பவர் காமிராவைப் பார்க்கக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கதைப்படங்களின் முதல் விதி. நகைச்சுவை நடிகர்கள் கண் சிமிட்டுவதற்காக அதை மீறியதுண்டு. ஒரு பெண் தன் வாழ்க்கையை முறித்துக்கொள்ளும் கணத்தில் இப்படி நிலையாகப் பார்த்தது புதிது.

சினிமாச் சரித்திரத்திலேயே மிகத் துயரமான ஷாட் இது என்று கோதார் கருதினார். சொர்க்கத்தை விட்டு நரகத்தைத் தேர்ந்துகொள்ளும் தன்மேல் தனக்கே வந்த வெறுப்புக்கு அவள் நம்மைச் சாட்சியாக அழைக்கிறாள் என்பது அவர் வாசிப்பு. இந்த வாசிப்பு ஒரு தலைமுறையின் சினிமாவை மாற்றியது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் கேட்க வேண்டியிருக்கிறது: அந்த முகத்தில் சுயவெறுப்பு எங்கே இருக்கிறது? நான் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டேன். இருப்பது ஒரு கல். கொஞ்சம் சவால், கொஞ்சம் களைப்பு. மற்றதெல்லாம் நாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தீவு சொர்க்கம் என்றால் சரி. ஆனால் அது முடிந்து மாதங்கள் ஆகின்றன. அவள் விட்டுவிட்டுப் போவது அழுகிற குழந்தையும் கட்டாத வாடகையும் உள்ள ஓர் அறையை. கோதார் அவளுக்கு அனுதாபம் தந்தார். தந்ததற்கு விலையாக அவளைக் குற்ற உணர்வுள்ளவளாக ஆக்கினார். வருந்துகிறவளுக்குத்தான் நாம் வருந்த முடியும் போலிருக்கிறது. அனுதாபம் என்ற சொல்லுக்கு வடமொழியில் பச்சாத்தாபம், பின்னால் எரிதல், என்றுதான் பொருள். எரிய வேண்டியவர் யார் என்பதை நாம் தமிழில் மாற்றிக்கொண்டோம். உள்ளூர அந்தப் பழைய நிபந்தனை போகவில்லை.

மறு வருஷம், 1959-ல், த்ரூஃபோவின் 'நானூறு அடிகள்'. அந்துவான் என்ற சிறுவன், நண்பனோடு, ஒரு கொட்டகை வாசலில் மாட்டியிருந்த மோனிகாவின் புகைப்படத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறான். த்ரூஃபோ தன் கடனைச் சொல்லும் விதம் அது. அந்துவானும் பொய்யன், அதுவும் சாதாரணப் பொய்யா? பள்ளிக்கு வராத காரணம் கேட்டால், அம்மா செத்துவிட்டாள் என்கிறான். டைப்ரைட்டர் திருடுகிறான். கடைசியில் கடற்கரையில் நின்று, அவனும் நம்மைப் பார்க்கிறான், படம் உறைகிறது. அந்தப் பையன் நம் அனுதாபத்துக்குத் தகுதியானவனா என்று யாரும் விவாதித்து நான் படித்ததில்லை. கான் விழாவில் இயக்குநருக்குப் பரிசு கிடைத்தது. உலகம் பையனைத் தத்தெடுத்துக்கொண்டது. ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் ஒரு குழந்தையை விட்டுவிட்டு ஓடவில்லை, அவனே விடப்பட்டவன். ஆனால் வேறொன்றும் இருக்கிறது. சீர்திருத்தப் பள்ளியில் மனநல மருத்துவரின் கேள்விகளுக்குப் பதிலாகத் தன் கதையை அவனே சொல்ல த்ரூஃபோ இடம் கொடுக்கிறார். மோனிகாவிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை.

பெர்க்மன் கேட்டாரா? இங்கே எனக்குத் தயக்கம் வருகிறது. பெர் ஆண்டர்ஸ் ஃபோகல்ஸ்ட்ரோமின் 1951-ஆம் வருஷத்து நாவலிலிருந்து வந்த கதை இது. 1952 கோடையில் ஓர்னோ தீவில் சிறு குழுவோடு எடுத்தார்கள். ஒளிப்பதிவு குன்னார் ஃபிஷர். பெர்க்மனுக்கு முப்பத்து நாலு வயது. மூன்றாவது திருமணத்தில் இருந்தார். அதுவரை ஆறு குழந்தைகள். அந்தப் படப்பிடிப்பில் ஹாரியட் ஆண்டர்சனோடு உறவு ஏற்பட்டு அந்தக் குடும்பத்திலிருந்தும் விலகினார். இதெல்லாம் ரகசியமில்லை, தம் சுயசரிதையில் (1987) தம்மை அவர் அதிகம் விட்டுவைத்ததில்லை. வம்புக்காக இதைச் சொல்லவில்லை. வீட்டையும் குழந்தையையும் விட்டுப் போகிற ஒரு பெண்ணின் படத்தை, அதையே செய்துகொண்டிருந்த ஒரு ஆண் எடுத்தார். அவரைப் பற்றி நாம் கேட்பது அவர் கலை எப்படி என்று. அனுதாபத்துக்குத் தகுதியா என்று அல்ல.

அவள் முன்னால் இருந்த வழிகளையும் பார்க்கலாம். ஸ்வீடனின் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்பைக் குறிப்பிட்ட சில காரணங்களுக்கு மட்டுமே அனுமதித்தது. பெண்ணின் விருப்பமே போதும் என்ற சட்டம் 1975-ல்தான் அமலுக்கு வந்தது. தகப்பனும் சம்பளத்தோடு விடுப்பு எடுத்துக் குழந்தையைப் பார்க்கலாம் என்பது 1974-ல். இவை மோனிகாவைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல நான் சமூகவியல்காரன் அல்ல. அவள் எந்தச் சட்டத்திலும் சலித்துத்தான் போயிருப்பாள். ஆனால் 'அவள் தேர்ந்துகொண்டாள்' என்று கோதாரைப் போலச் சொல்லும்போது, தேர்வு எத்தனை அகலமாக இருந்தது என்று ஒரு கணம் அளந்து பார்க்கலாம்.

படத்துக்குள்ளேயே ஓர் அநீதி இருக்கிறது. கடைசியில் ஹாரி குழந்தையை ஏந்திக்கொண்டு ஒரு கடைக் கண்ணாடி முன் நிற்கிறான். தன் முகத்தைப் பார்க்கிறான். தீவும் கடலும் அவளும் நினைவாக வருகின்றன. கோடை அவனுடைய நினைவாகிவிட்டது. அவளும் அந்த நினைவில் ஒரு பொருள். பெர்க்மன் அவனுக்குக் குழந்தையைக் கொடுத்தார், கண்ணாடியைக் கொடுத்தார், ஞாபகத்தையும் கொடுத்தார். அனுதாபம் வேண்டிய சாமான் அத்தனையும் அவன் பக்கம். நமக்குப் பிடித்த பையன், பாவம், நானும் அவனுக்காகத்தான் வருந்தினேன். அந்த வருத்தம் பொய்யில்லை.

அவளுக்கு அரை நிமிடம் மட்டும். அதில் அவள் எதையும் கோரவில்லை. இருட்டில் பத்திரமாக உட்கார்ந்து தகுதி பார்த்துக்கொண்டிருந்த நம்மை அவள் கண்டுவிட்டாள் என்பதைத் தவிர அந்தப் பார்வையில் நான் வேறெதையும் நிச்சயமாகப் படிக்க முடியவில்லை. கவிஞர் நண்பரிடம் இதைச் சொன்னேன். "சரி, குழந்தை?" என்றார். அந்தக் கைக்குழந்தையின் பக்கத்திலிருந்து அவர் பேசுகிறார் என்றால் எனக்குப் பதில் இல்லை. படத்தில் அந்தக் கட்சியை எடுத்துப் பேசுகிறவர் யாருமில்லை. ஆனால் அன்று டீக்கடையில் அவர் ஹாரியின் பக்கத்திலிருந்துதான் பேசினார். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த ஓட்டல் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா என்று கேட்டார்.